கல்லூரி இலவசம் என்றால் எது இலவசம்?

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கும் நாட்களில் மூன்று செய்திகள் சேர்ந்தே காதில் விழும். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அரசே கட்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் எதுவும் கட்ட வேண்டாம். இவற்றைக் கேட்டுவிட்டுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போகும் குடும்பத்தின் கையில் அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று ஒரு சீட்டு தரப்படுகிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றுவது இயல்புதான். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. மூன்று சலுகைகளும் வெவ்வேறு இடங்களுக்கு, வெவ்வேறு கட்டணங்களுக்கு, வெவ்வேறு காலத்தில் கிடைப்பவை. ஏழை மாணவருக்குக் கல்லூரி இலவசமாக இருக்க வேண்டுமா என்ற விவாதத்தில் இறங்கும் முன், இன்று தமிழ்நாட்டில் எது இலவசம், எது இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டணம் என்ற சொல்லுக்குள் நான்கு செலவுகள்

1. கற்பிப்புக் கட்டணம். ரசீதில் 'டியூஷன் பீஸ்' என்று இருக்கும். ரத்து, தள்ளுபடி, சலுகை என்று அறிவிக்கப்படுவது அநேகமாக இது ஒன்றுதான்.

2. மற்ற கட்டணங்கள். தேர்வு, நூலகம், ஆய்வகம், பல்கலைக்கழகப் பதிவு, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும்.

3. வாழ்க்கைச் செலவு. விடுதி, சாப்பாடு, பஸ், கைப்பேசி டேட்டா.

4. வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம். இது எந்த ரசீதிலும் இருக்காது. பதினெட்டு வயதுப் பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் மாதம் 12,000 ரூபாய் கொண்டுவருவான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு அந்தக் குடும்பம் விட்டுக்கொடுப்பது 4,32,000 ரூபாய். அரசு கலைக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணமே இல்லாதபோதும் சில பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம்.

முதல் செலவை மட்டும் நீக்கிவிட்டு 'இலவசம்' என்கிறோம். வசதியான வீட்டில் மற்ற மூன்றும் பெரிய சுமையல்ல. கூலி வேலை செய்யும் வீட்டில் அந்த மூன்றும்தான் படிப்பைத் தொடர விடாமல் செய்கின்றன.

எந்த இடம் என்பதைப் பொறுத்தே எல்லாம்

'கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது' என்றால் போதாது. எந்த வகை இடம் என்று கேட்க வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான கற்பிப்புக் கட்டணம் 2007-08 கல்வியாண்டிலேயே ரத்தாகிவிட்டது. 2010-11 முதல் முதுநிலைக்கும் இல்லை. சாதி, வருமானம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்துவது இது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகை மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

அரசு உதவிபெறும் கல்லூரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே வளாகம், ஒரே நுழைவாயில், ஒரே பெயர்ப் பலகை. காலையில் நடக்கும் உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. அதே கட்டடத்தில் பிற்பகல் நடக்கும் சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளமும் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். பி.காம். என்று மட்டும் கேட்டுச் சேர்ந்தவர், தான் எந்தப் பிரிவு என்பதை ரசீதைப் பார்த்த பிறகே அறிகிறார். விண்ணப்பத்தில் 'எய்டட்' (உதவிபெறும்), 'எஸ்.எஃப்.' (சுயநிதி) என்ற குறிப்பைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை.

பொறியியலில் நிலைமை வேறு. பெரும்பான்மை இடங்கள் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரிகள் தங்கள் செலவை ஈடுகட்டும் கட்டணத்தை வசூலிக்கலாம், நன்கொடை வசூலிக்கவோ லாபவேட்டையில் இறங்கவோ கூடாது என்றது. 2003இல் வந்த இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பின் தொடர்ச்சியாக, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் மாநிலந்தோறும் வந்தன. தமிழ்நாட்டுக் குழு 2017இல் நிர்ணயித்தபடி, கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000.

இந்த இரண்டு ஒதுக்கீடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 35,000 ரூபாயோடு முடிவதில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் பலன் கிடையாது. 2017 முதல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகையும் கிடையாது. கலந்தாய்வுக்கு முன்பே வீடு தேடி வந்து 'இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி' என்று சொல்லும் இடைத்தரகரின் பேச்சைக் கேட்பதால் நேரும் நஷ்டம் நான்கு ஆண்டுக்கும் நீளும்.

சலுகைப் பணம் வரும் மூன்று வழிகள்

ஒரு சலுகை எவ்வளவு என்பதைவிட, அது யார் கையில், எந்தத் தேதியில் சேருகிறது என்பதுதான் ஏழைக் குடும்பத்துக்கு முக்கியம். விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

1. வாங்காமலே விடுவது. அரசு கலைக் கல்லூரியிலும், 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் நடப்பது இது. மாணவர் பணத்தைத் தொடவே தேவையில்லை.

2. கழித்து வாங்குவது. முதல் பட்டதாரிச் சலுகை இந்த வகை. 2010-11இல் வந்தது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவருக்குச் சாதி, வருமானம் பாராமல் கிடைக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இதன் அளவு 25,000 ரூபாய். 50,000 கட்டணத்தில் பாதி. 'முதல் பட்டதாரிக்கு இலவசம்' என்று பரவும் செய்தி இந்த இடத்தில்தான் பிழையாகிறது.

3. கட்டவைத்துவிட்டுப் பிறகு தருவது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய) உதவித்தொகை நடைமுறையில் பல கல்லூரிகளில் இப்படி ஆகிவிட்டது.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்போருக்கான திட்டம் இது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான செலவை 60:40 என்று பிரித்தது. மத்திய அரசின் 60 பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வந்த ஏழு நாளுக்குள் அதை மாணவர் கல்லூரியில் கட்ட வேண்டும். முன்பு கல்லூரிக்கே பணம் போனபோது நடந்த மோசடிகளைத் தடுக்க வந்த மாற்றம் என்பதால் அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இந்த உதவித்தொகைக்குத் தகுதி உண்டு என்பதற்கான 'பிரீஷிப் கார்டு' காட்டும் மாணவரை முன்பணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டு விதியும் இருக்கிறது.

நடப்பது என்ன? கட்டணம் 50,000 என்றால் மாணவர் கணக்குக்கு வர வேண்டியது 30,000. 'அது உங்களுக்குத்தானே வரப்போகுது, இப்ப கட்டிடுங்க' என்கிறது அலுவலகம். குடும்பம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறது. மாதம் 900 ரூபாய். உதவித்தொகை கல்வியாண்டின் கடைசியில் வந்தால் ஒன்பது மாதத்துக்கு 8,100. காகிதத்தில் முழு இலவசமாக இருக்கும் படிப்புக்கு இந்தக் குடும்பம் ஆண்டுக்கு எட்டாயிரம் ரூபாய் வட்டி கட்டுகிறது. அரசு தர வேண்டிய பணத்தை, தர முடியாதவரிடமிருந்து அரசே ஒன்பது மாதம் கடன் வாங்கியதற்குச் சமம் இது.

தாமதம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை 2020 நவம்பரில் தமிழ்நாடே பார்த்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமாகி, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், ஆண்டுக்கு லட்சங்களில் கட்ட வழியில்லாமல், கிடைத்த டாக்டர் சீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். சில நாளில் அரசு விழித்துக்கொண்டது. மருத்துவப் பணிகள் கழகத்தில் சுழல்நிதி அமைத்து நேரடியாகக் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துவதாக அறிவித்தது. ஆனால் அறிவிப்புக்கு முன்பே சீட்டை விட்டவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இடம் இருந்தது, பணமும் கடைசியில் இருந்தது. இடையில் போன சில நாட்கள்தான் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டன.

அந்தப் பாடம் 2021இல் பயன்பட்டது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், மீன்வளம் ஆகியவற்றுக்கும் 7.5 சதவீதம் விரிந்தபோது கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்றது. இன்று தமிழ்நாட்டில் 'இலவசக் கல்லூரி' என்ற சொல்லுக்கு முழுப் பொருளோடு பொருந்தக்கூடிய திட்டம் இதுதான்.

ஒரே வகுப்பு, இரண்டு ரசீது

பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரும் இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்கள். இருவரின் அப்பாக்களும் கட்டட வேலை செய்பவர்கள். ஒருத்தி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இன்னொருத்தி பத்தாவது வரை அரசு உதவிபெறும் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி.

முதலாமவள் 7.5 சதவீதத்தில் சேர்ந்தால் கட்டணமும் விடுதியும் இலவசம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கான 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இரண்டாமவளுக்கு அந்த ஒதுக்கீட்டில் தகுதி இல்லை, ஏனென்றால் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தது அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை போக அவள் கட்ட வேண்டியது 25,000. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கு 60,000 என்று வைத்தால் மொத்தம் 85,000. நான்கு ஆண்டுக்கு 3,40,000. இருவர் வீட்டு வறுமையும் ஒன்றுதான். எட்டாம் வகுப்பில் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது என்பதே இந்த மூன்றரை லட்ச வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் 2024 டிசம்பரில் விரித்தது இதைக் கொஞ்சம் சரிசெய்தது. கட்டணத்தில் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

எங்கே சிக்குகிறது, ஏன்

1. சான்றிதழ். முதல் பட்டதாரிச் சான்று இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சேவையாக விண்ணப்பிக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலேறும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. கலந்தாய்வுப் பதிவின்போது சான்று கையில் இல்லாவிட்டால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. வருமானச் சான்றின் ஆயுள் ஓராண்டுதான் என்பதால் போன வருடத்துச் சான்றை வைத்துச் சமாளிக்க முடியாது.

2. ஆதார் எந்த வங்கியோடு பேசுகிறது என்பது. உதவித்தொகை விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்குப் போகிறது. பள்ளியில் எட்டாவது படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடக்கும், மாணவரோ புதுக் கணக்கைப் பார்த்துக் காத்திருப்பார். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்று பார்த்தால் எந்த வங்கி என்பது தெரிந்துவிடும். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றில் உள்ள பெயரும் ஒரு முன்னெழுத்து மாறினாலே விண்ணப்பம் நின்றுவிடும்.

3. 'ஸ்மால் அக்கவுன்ட்' வரம்பு. முழு ஆவணம் இல்லாமல் திறந்த கணக்கில் ஓராண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது. அரசு உதவித்தொகைக்கு இருப்பு வரம்பைப் பார்ப்பதில்லை என்றாலும், ஆண்டு வரவு வரம்பைத் தாண்டினால் பணம் திரும்பிப் போகலாம். வங்கிக் கிளைக்குப் போய் முழு ஆவணம் தந்து சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்வது அரை நாள் வேலை.

4. வேறு பெயரில் வசூல். 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டத்தின்படி, நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடைதான். வாங்கும் தொகைக்கு ரசீது தர வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை ஏற்காமல் அச்சிட்ட ரசீது கேட்டு வாங்குவது பின்னால் புகார் செய்யவும் உதவும்.

5. சான்றிதழைப் பிடித்து வைப்பது. கட்டணம் பாக்கி என்று சொல்லி மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழை வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அசல் சான்றுகளைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிக்கை. சேர்க்கையைக் கைவிட்டால் பணம் திரும்பப் பெறவும் அதிலேயே அளவு உண்டு: சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகச் சொன்னால் சிறு கழிவு போக முழுத் தொகை, அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன் பிறகு எதுவுமில்லை. கலந்தாய்வின் அடுத்த சுற்றுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா?

'பணக்காரன் பிள்ளைக்கும் ஏன் இலவசம்?' என்ற கேள்வி நியாயமானது. தகுதித் தேர்வில் முந்துவது நல்ல பள்ளியில், கோச்சிங்கோடு படித்தவர்கள். இடம் குறைவாக இருந்து கட்டணம் மட்டும் இல்லாமல் போனால், அந்தச் சலுகை வசதியானவர்களிடமே போய்ச் சேரும். 7.5 சதவீதம் வருவதற்கு முன் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ண முடிந்தது இதற்குச் சாட்சி. இலங்கையிலும் அரசுப் பல்கலைக்கழகக் கல்வி இலவசம்தான். ஆனால் வெட்டுப்புள்ளிக்கு (கட்-ஆஃப்) மேல் வந்தவர்களுக்கு மட்டுமே அது எட்டுகிறது. அங்கத்திய பிளஸ் டூவான உயர்தரப் பரீட்சையில் தேறியும் வெளியே நிற்போர் ஏராளம்.

ஏழைகளுக்கு மட்டும் என்றாலோ, ஏழை யார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குக் காகிதம் இருக்கிறது. தினக்கூலிக்கு இல்லை. வருமானம் 2.5 லட்சத்தைச் சில ஆயிரம் தாண்டும் குடும்பம் முழு உதவியையும் இழக்கிறது. சிலி நாடு 2016இல் வருமானத்தில் கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை நீக்கி, 2018இல் அதை 60 சதவீதமாக விரித்தது. இங்கிலாந்து நேர் எதிராகப் போனது. 1998இல் 1,000 பவுண்டில் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 வரை உயர்ந்தது. அங்கே இப்போது உள்நாட்டு மாணவர் சேரும்போதே கட்ட வேண்டியதில்லை, கடனாக ஏற்று, வேலை கிடைத்துச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியபின் பிடித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 2014உடன் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதற்பட்டக் கட்டணம் எல்லா மாநிலங்களிலும் நீங்கியது.

நம் சூழலுக்கு இரண்டும் கலந்ததே பொருந்தும். அரசுக் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டணம் வேண்டாம் என்பதைத் தொடர வேண்டும். சான்றுக்கு அலைய வேண்டாத சலுகை மட்டுமே கடைசி வீடு வரை போகும். சுயநிதி இடங்களில் வருமானத்தைப் பார்த்து உதவுவது சரி. ஆனால் கட்டணத்தை நீக்கிய அரசு அந்தப் பணத்தைக் கல்லூரிக்குத் தராவிட்டால் அடி வகுப்பறையில்தான் விழும். நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. அதில் பாதியை எட்டவே இங்கே அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நிரந்தர ஆசிரியர் இல்லாத துறையில் இலவசமாகப் படிப்பவருக்குக் கிடைப்பது முழுப் படிப்பாகாது.

கல்விக் கடனை இதற்கு மாற்றாகச் சொல்பவர்களும் உண்டு. வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தகுதியான படிப்புகளுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது, ஆனால் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும். நல்ல வேலை உறுதியாகத் தெரியும் படிப்புக்குக் கடன் உதவும். பி.ஏ. வரலாறு படிக்கும் முதல் தலைமுறைப் பெண்ணைக் கடனாளியாக்கி அனுப்புவது நியாயமில்லை.

கட்டணத்துக்கு அப்பால்

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0 சதவீதம், இந்தியாவினது 28.4. பெருமைப்பட வேண்டிய எண். 18 முதல் 23 வயதுக்குள் இருப்போரில் பாதிக்கு மேல் இன்னும் கல்லூரிக்கு வெளியே என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. அவர்களைக் கொண்டுவர மூன்று வேலைகள் பாக்கி.

1. போஸ்ட் மெட்ரிக் தொகையில் முதல் தவணை வகுப்பு தொடங்கும் முன் வர வேண்டும். அதுவரை கல்லூரி ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்ற விதியை மீறும் கல்லூரிக்கு அபராதம் வேண்டும்.

2. கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரித் தேர்வுப் பட்டியலிலேயே பஸ், விடுதி, தேர்வு உட்பட முழு ஆண்டுச் செலவைக் காட்ட வேண்டும். இடத்தை உறுதிசெய்தபின் தெரிந்து பயனில்லை.

3. சாப்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண்ணும் மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வனும் தரும் 1,000 ரூபாய், எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் மாணவர் கைக்குப் போவதால் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தொகை தொடங்கிய அளவிலேயே நிற்கிறது. அரசு நடத்தும் விடுதிகளில், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர், கல்லூரி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100இலிருந்து 1,500 ஆனது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதற்குள் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. கேஸ், காய்கறி, எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் இந்தப் படி தானாக ஏறுவதில்லை. அடுத்த அறிவிப்பு வரும்வரை காப்பாளர் செய்யக்கூடியது குழம்பில் பருப்பைக் குறைப்பதுதான்.